இன்ஜின் எங்கே உட்காரணும்?



இந்தத் தடவை அறிவியல் பகுதி எழுத வேண்டியது என் முறை. "நடு இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் பத்தி எழுதப் போறேன்"னு சொன்னதும் வகுப்பே சிரிச்சுது. "பனமலையில ஒரு பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஏரிக்கரையிலயே உக்காந்திருக்கணும். இதுல உனக்கு ஸ்போர்ட்ஸ் காரா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சவங்க எல்லாரும் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படியுங்க. நான் இதை எழுதக் காரணம் காரு இல்லை. எங்க மாமாவோட லோடு ஆட்டோ.

ஏரிக்கரையில் நடந்தது

போன வருஷம் எங்க நிலத்துல மல்லாட்டை நல்லா விளைஞ்சுது. காய வெச்சு மூட்டை பிடிச்சு, விழுப்புரம் கமிட்டிக்குக் கொண்டு போக மாமா தன்னோட லோடு ஆட்டோவை எடுத்து வந்தார். ரிப்பேருக்குப் போக வேண்டிய தண்ணி மோட்டார் ஒண்ணு ஏற்கெனவே வண்டியில இருந்துச்சு. அது நகராம இருக்க நடுவுல வெச்சுக் கட்டியிருந்தாங்க. அதனால மூட்டைகளைப் பின்னாடி அடுக்க வேண்டியதா போச்சு. கடைசி 3 மூட்டைக்கு இடமே இல்லை. பின் கதவைத் திறந்து படுக்க வெச்சு, அது மேலயே ஏத்தினோம்.

ஏரிக்கரை வளைவுல வண்டி திரும்பல. நேராப் போய் சரிவுல இறங்கிக் கவுந்துடுச்சு. மாமாவுக்குக் கால்ல 2 இடத்துல எலும்பு முறிஞ்சுது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கம்பி வெச்சாங்க. பார்க்க வந்தவங்க எல்லாம் ஒரே மாதிரி சொன்னாங்க: "வேகமாப் போயிருப்பான்." மாமா மட்டும் திரும்பத் திரும்ப ஒண்ணையே சொன்னார்: "20-லதான் போனேன். ஹேண்டிலைத் திருப்பினேன். வண்டி கேக்கல." யாரும் நம்பல. எனக்கும் அப்ப பாதி சந்தேகம்தான்.

தாத்தா சொன்ன பாரம்

மாமா சொன்னதை நம்பினது எங்க தாத்தா ஒருத்தர்தான். அவர் 30 வருஷம் மாட்டுவண்டி ஓட்டினவர். ஆலைக்குக் கரும்பு அடிச்சவர். "எப்படி ஏத்தினீங்க?"ன்னு மட்டும் கேட்டார். நான் சொன்னேன். "பின்பாரம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்.

அப்புறம் உக்கார வெச்சு விளக்கினார். மாட்டுவண்டிக்கு நடுவுல இருசு இருக்கு. பாரத்தை இருசுக்கு முன்னாடி அதிகம் வெச்சா அது முன்பாரம். நுகத்தடி மாட்டோட கழுத்தை அழுத்தும், மாடு சீக்கிரம் களைச்சுப் போகும். பின்னாடி அதிகம் வெச்சா பின்பாரம். நுகத்தடி மேல தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். மேட்டுல ஏறும்போது மாட்டையே தூக்கிடும். அதனால பாரத்தை இருசு மேல, கொஞ்சூண்டு முன்பக்கம் சாயற மாதிரி ஏத்தணும். ஏத்தி முடிச்சதும் ஏர்க்காலைக் கையால தூக்கிப் பார்த்தா தெரியுமாம். ஒரு ஆள் தூக்கற அளவுக்கு இருந்தா சரி.

இதையே ஆட்டோவுல பாருங்க. பின் சக்கரம்தான் சீசாவோட நடுக்கட்டை. அதுக்கும் பின்னால மூட்டை வெச்சா முன்பக்கம் லேசாயிடும். திருப்பற சக்கரம் முன்னாடி இருக்கு. அந்தச் சக்கரம் தரையை அழுத்தினாத்தான் பிடிமானம். அழுத்தம் இல்லாத சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் அது வழுக்கிட்டு நேராத்தான் போகும். மாமா பொய் சொல்லல. வண்டி நிஜமாவே கேக்கல.

நீங்களும் செய்து பாருங்கள்

பாரம் எங்க இருக்குங்கறதுல இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு மீட்டர் நீள மூங்கில் குச்சி ஒண்ணு, ஒரே எடையில 2 அரைச் செங்கல், கொஞ்சம் கயிறு எடுத்துக்கோங்க. முதல்ல செங்கல் ரெண்டையும் குச்சியோட ரெண்டு முனையிலயும் கட்டுங்க. நடுவுல பிடிச்சு இடமும் வலமும் வேகமாத் திருப்புங்க. கை வலிக்கும். திருப்பினதை நிறுத்தறது அதைவிடக் கஷ்டம். இப்ப அதே செங்கல்லை நடுப் பிடிக்குப் பக்கத்துல, ரெண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டுங்க. எவ்வளவு லேசாத் திரும்புதுன்னு பாருங்க! எடை மாறல, இடம்தான் மாறிச்சு.

காரணம் இதுதான்: திரும்ப மறுக்கற குணம் எடையைப் பொறுத்து மட்டும் இல்லை, நடுவுல இருந்து அது இருக்கற தூரத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது. 50 சென்டிமீட்டர்ல இருந்து 10-க்குக் கொண்டு வந்தா தூரம் 5-ல ஒரு பங்கு. செங்கல்லோட மறுப்பு 25-ல ஒரு பங்கு.

காருக்கு எது பாரம்?

கார்ல அதிக எடையுள்ள பொருள்கள்ல முக்கியமானது இன்ஜின். அதை வைக்க 3 இடம் உண்டு.

1. முன்னால்: அம்பாசடர், மாருதி 800, இப்ப ரோட்டுல ஓடற பெரும்பாலான கார்கள்.

2. பின் அச்சுக்கும் பின்னால்: பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் அப்படித்தான்.

3. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்: இதுதான் நடு இன்ஜின். தாத்தா சொன்ன மாதிரி பாரம் நடுவில். செங்கல் குச்சி மாதிரி சட்டுனு திரும்பும்.

"அப்ப எல்லாக் காரையும் அப்படியே செய்யலாமே?"ன்னு நான் கோயம்புத்தூர்ல படிக்கிற எங்க பெரியப்பா பையன்கிட்ட கேட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு வந்திருந்த அந்த அண்ணன்தான் மீதிக் கதையைச் சொன்னார். நடுவுல வைக்க ஆசைப்பட்டவங்க நிறையப் பேர். தடை காசுதான். 1930-களிலேயே ஜெர்மனியில ஆட்டோ யூனியன் கம்பெனி, டிரைவருக்குப் பின்னால் இன்ஜின் வெச்சு ரேஸ் கார் செஞ்சுது. ஆனா அது எல்லாமே தனியாச் செஞ்ச விலை உயர்ந்த பொருள். 1966-ல இத்தாலியில லம்போர்கினி மியூரா வந்துச்சு. 12 சிலிண்டர், நடு இன்ஜின். கோடீஸ்வரங்க மட்டும் வாங்கினாங்க.

அப்ப சாதாரணமானவங்க கைக்கு நடு இன்ஜின் எப்படி வந்துச்சு? ரெண்டு வழியா வந்துச்சு. ரெண்டுமே பழைய சாமானை வெச்சுச் செஞ்ச வழிதான்!

முதல் வழி: பைக் இன்ஜின்

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச நேரம். லண்டன் பக்கத்துல சர்பிட்டன்னு ஒரு ஊர். அங்க சார்லஸ் கூப்பர், அவரோட மகன் ஜான் கூப்பர்னு ரெண்டு பேர் மெக்கானிக் ஷெட் வெச்சிருந்தாங்க. 1946-ல குறைஞ்ச செலவுல ரேஸ் கார் செய்ய நினைச்சாங்க. ஃபியட் டோபோலினோங்கற சின்னக் காரோட முன்பக்க சக்கர அமைப்பு ரெண்டை எடுத்து, ஒண்ணை முன்னாலயும் இன்னொண்ணைப் பின்னாலயும் பொருத்தினாங்க. இன்ஜினுக்கு 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜின். பைக் இன்ஜின் செயின்லதான் சக்கரத்தைச் சுத்தும். அதை முன்னால வெச்சா செயினை டிரைவர் மேலயா விட முடியும்? அதனால பின் சக்கரத்துக்குப் பக்கத்துல, டிரைவருக்குப் பின்னால வெச்சாங்க. தத்துவத்தை யோசிச்சு வைக்கல, வசதிக்காக வெச்சாங்க. வெச்ச பிறகு பார்த்தா வளைவுல அருமையாத் திரும்புது!

அதே வழியில பெரிய கார் செஞ்சாங்க. 1959-லயும் 1960-லயும் ஜாக் பிராபம் கூப்பர் கார் ஓட்டித்தான் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அதுக்கு அப்புறம் இன்ஜினைப் பின்னால மாத்திக்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் ஃபார்முலா 1 காருக்கு அதுதான் இடம்.

இரண்டாம் வழி: பொட்டலத்தைத் தூக்கி வை

ரோட்டுல ஓட்டற காருக்குச் செயின் சரிவராது. இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் வேணும். அம்பாசடர்ல இன்ஜின் முன்னால, டிஃபரன்ஷியல் பின்னால, நடுவுல நீளமான ஒரு ஷாஃப்ட். அதைக் கழட்டி நடுவுல வைக்க முடியாது. புதுசா கியர் பாக்ஸ் செய்யணும்னா செலவு எகிறிடும்.

அப்பதான் முன் சக்கரத்தை இழுக்கற சின்னக் கார்கள் வந்துச்சு. இன்ஜினைக் குறுக்குவாட்டுல வெச்சு, பக்கத்துலயே கியர் பாக்ஸ், அதோடவே டிஃபரன்ஷியல். மூணும் சேர்ந்து ஒரே பொட்டலம். 1969-ல வந்த ஃபியட் 128 அந்த மாதிரி. அப்ப ஒருத்தருக்கு யோசனை வந்திருக்கும்: இந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால வெச்சா? முன் சக்கரத்தை இழுத்தது இப்ப பின் சக்கரத்தைத் தள்ளும். நடு இன்ஜின் கார் ரெடி! ஸ்டியரிங் கம்பி பிடிச்சிருந்த இடத்தை மட்டும் அசையாம பூட்டிடணும், இல்லேன்னா பின் சக்கரம் தானாத் திரும்பும். ரேடியேட்டர் தண்ணிக்கும் கியர் லீவருக்கும் நீளமா இணைப்பு விடணும். அவ்வளவுதான்.

இப்படி வந்த கார்கள் சில:

• லோட்டஸ் யூரோப்பா (1966, இங்கிலாந்து): முன் சக்கரம் இழுக்கற ரெனோ 16 காரோட இன்ஜினும் கியர் பாக்ஸும் சீட்டுக்குப் பின்னால்.

• ஃபியட் எக்ஸ் 1/9 (1972, இத்தாலி): ஃபியட் 128-ன் பொட்டலம். 1989 வரைக்கும் சுமார் 1,60,000 கார் செஞ்சாங்க.

• பான்டியாக் ஃபியரோ (1984 மாடலாக, அமெரிக்கா): சாதாரண குடும்பக் காரோட முன்பக்க அமைப்பே இதுக்குப் பின்பக்கம். கூப்பர் செஞ்ச அதே வேலை! 5 வருஷ மாடல்கள்ல 3,70,000 கார்.

• டொயோட்டா எம்ஆர் 2 (1984, ஜப்பான்): கொரோல்லா குடும்பத்து 1600 சிசி இன்ஜின்.

இதை எல்லாம் வாங்கினவங்க ஆபீஸ்ல வேலை பார்க்கற, மாசச் சம்பளம் வாங்கற ஜனங்க. மியூராவுல இருந்த தத்துவம் அவங்க வாசலுக்கும் வந்துச்சு.

நம்ம கோயம்புத்தூரில்

இதைக் கேட்டுட்டு, "எல்லாம் வெளிநாடுதானா?"ன்னு சலிச்சுக்கிட்டேன். அண்ணன் சிரிச்சார். "டேய், நம்ம தமிழ்நாட்டுலயே செஞ்சிருக்காங்கடா."

கோயம்புத்தூர்ல எஸ். காரிவர்தன்னு ஒருத்தர். மில் குடும்பத்தைச் சேர்ந்தவர், ரேஸ் ஓட்டறவர். சென்னைக்கு வடக்கே சோழவரத்துல போர்க்காலத்து விமானத் தளத்துலதான் அப்ப ரேஸ் நடக்கும். ரேஸ் கார் வேணும்னா வெளிநாட்டுல இருந்து பழைய கார் வரவழைக்கணும். ஒரு சாமான் உடைஞ்சாலும் அங்க இருந்துதான் வரணும். பணக்காரங்க மட்டும் விளையாடற விளையாட்டு.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. 796 சிசி, 3 சிலிண்டர், முன் சக்கரம் இழுக்கற வண்டி. அதாவது, அதே பொட்டலம்! காரிவர்தன் அதை எடுத்து டிரைவருக்குப் பின்னால வெச்சு, ஒருத்தர் மட்டும் உக்கார்ற ரேஸ் காரை 1980-களோட கடைசியில உருவாக்கினார். பேர் ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின். சுருக்கமா ஃபிஸ்மி. ஜனங்க ஃபார்முலா மாருதின்னு கூப்பிட்டாங்க. இன்ஜின் சாமான் உடைஞ்சா லண்டனுக்கு எழுத வேண்டியதில்லை, உள்ளூர் மாருதி கடையில கிடைக்கும்.

1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் மைதானம் திறந்தாங்க. அங்க இந்த மாருதி இன்ஜின் காரை ஓட்டிப் பழகின கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தர் 2005-ல ஃபார்முலா 1-ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அவர்தான் நரேன் கார்த்திகேயன். அதே வருஷம் அமெரிக்காவுல நடந்த பந்தயத்துல 4-ஆவது இடம், 5 புள்ளி. அந்தப் பந்தயத்துல 6 கார்தான் ஓடிச்சுங்கறதையும் உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். ஆனா அந்த 6-ல ஒண்ணுல நம்ம ஆள் இருந்தார் இல்லையா!

காரிவர்தன் அதைப் பார்க்கல. 1995-ல ஒரு சின்ன விமான விபத்துல இறந்துட்டார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற ரேஸ் மைதானத்துக்கு அவர் பேர்தான்: காரி மோட்டார் ஸ்பீட்வே.

குறையும் உண்டு

நல்லதை மட்டும் சொன்னா அது விளம்பரம் ஆயிடும். அதனால குறையையும் எழுதறேன்.

நடு இன்ஜின் கார்ல பெரும்பாலும் 2 பேர்தான் உக்கார முடியும். பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்துல இன்ஜின் இருக்கு. சூடும் சத்தமும் முதுகுக்குப் பக்கத்துல. ஆம்னி வேன்ல முன் சீட்டுக்கு அடியில இன்ஜின் இருக்கும், அதுல கோடைக்காலத்துல போனவங்களுக்கு அந்தச் சூடு தெரியும். ரிப்பேர் பார்க்க மெக்கானிக் கையை விடவே இடம் இருக்காது. ஃபியரோவோட 1984 மாடல் கார்கள்ல இன்ஜின் தீப்பிடிச்ச சம்பவங்கள் நடந்து, பேர் கெட்டுப் போச்சு.

இன்னொண்ணும் இருக்கு. சட்டுனு திரும்பற வண்டி, பிடி விட்டா சட்டுனு சுத்தவும் செய்யும். செங்கல் குச்சி சோதனையில நடுவுல கட்டினப்ப எவ்வளவு லேசாத் திரும்பிச்சோ அதே காரணம்தான். அதனால நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது நல்ல வண்டி. குடும்பத்தோட கோயிலுக்குப் போக முன் இன்ஜின் காரே வசதி.

அண்ணன் செய்யற கார்

காரி மைதானத்துல ஃபார்முலா பாரத்னு கல்லூரி மாணவர்களுக்கு ஒரு போட்டி நடக்குது. மாணவர்களே கார் செஞ்சு எடுத்துட்டு வரணும். நிறையக் குழுக்கள் பைக் இன்ஜினை வாங்கி டிரைவருக்குப் பின்னால வெக்கறாங்க. 1946-ல கூப்பர் செஞ்ச அதே யோசனை! மின்சாரக் காருக்கும் தனிப் பிரிவு உண்டு. கடைகள்ல இப்ப விக்கற பல மின்சாரக் கார்கள்ல பேட்டரி தரைக்கு அடியில, ரெண்டு அச்சுக்கும் நடுவுலதான் இருக்கு. பெட்ரோல் போனாலும் பாரத்தோட இடம் மாறல.

எங்க அண்ணன் அவங்க கல்லூரிக் குழுவுல வெல்டிங் பக்கம் இருக்கார். அவர் தமிழ் வழியில, அரசுப் பள்ளியில படிச்சவர்தான். பொங்கல் முடிஞ்சு கிளம்பறப்ப, "வண்டியில எதை எங்க வெக்கறதுன்னு தாத்தாகிட்ட கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க"ன்னு கிண்டலாச் சொன்னார். தாத்தா அதை நிஜம்னு நினைச்சு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அண்ணன் பேப்பர்ல குறிச்சுக்கிட்டதை நான் பார்த்தேன்.

முடிவாக ஒன்று

இந்தக் கட்டுரையை முதல்ல மாமாவுக்குத்தான் படிச்சுக் காட்டினேன். "கடைசி 3 மூட்டை" வந்த இடத்துல எனக்குக் குரல் வரல. ஏன்னா பின் கதவு மேல அந்த 3 மூட்டையை வெச்சது நான். "இங்க வெச்சுக்கலாம் மாமா, இடம் இருக்கு"ன்னு சொன்னதும் நான்தான். இவ்வளவு நாள் வேகமாப் போனார்னு ஊரே சொன்னப்ப, நானும் சும்மா இருந்துட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எனக்கும்தானே தெரியல. தெரிஞ்சிருந்தா ஏத்த விட்டிருப்பேனா?"ன்னார். "இதைப் பெரிய எழுத்துல எழுதி ஒட்டுடா"ன்னும் சொன்னார். இப்ப அவர் கம்பு இல்லாம நடக்கறார். மறுபடி ஆட்டோ ஓட்டறார். மூட்டை ஏத்தி முடிச்சதும் முன்பக்கத்தைக் கையால தூக்கிப் பார்த்துட்டுத்தான் கிளம்பறார். லேசாத் தூக்க வந்தா மூட்டையை இறக்கி முன்னால மாத்தறார்.

உங்க வீட்டுலயும் லோடு ஆட்டோ, டிராக்டர் டிப்பர், ஏன், பின் கேரியர்ல அரிசி மூட்டை வெச்ச டிவிஎஸ் எக்ஸ்எல் கூட இருக்கலாம். ஏத்தறப்ப நீங்க பக்கத்துல நின்னா ஒரு தடவை சொல்லுங்க: பாரம் நடுவுல!



— 9-ஆம் வகுப்பு மாணவன், பனமலை